குழந்தைக்கு எடை கூடுதலா? எதை அளப்பது, எப்படி அளப்பது, எதை எவ்வளவு நம்புவது

ஒரு பையனுக்குப் பத்து வயது. உயரம் 138 செ.மீ., எடை 43 கிலோ. எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ கணக்குப் போட்டால் 22.6 வருகிறது. இவனுக்கு உடல் பருமனா, இல்லை எடை கொஞ்சம் கூடுதல் அவ்வளவுதானா? உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையைத் திறந்தால் 'பருமன்' என்கிறது, ஏனென்றால் பத்து வயதுப் பையன்களுக்கு அதன் பருமன் கோடு 21.4. ஐஓடிஎஃப் என்கிற சர்வதேச அட்டவணையைப் பார்த்தால் அதே கோடு 24-ல் இருக்கிறது, ஆகவே 'அதிக எடை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பையனும் அதே பையன், தராசும் அதே தராசு.

அதனால் எந்த முறை நல்ல முறை என்று கேட்பதற்கு முன்னால், வந்த எண்ணை எப்படி அளந்தோம், எந்த அட்டவணையோடு ஒப்பிட்டோம் என்று கேட்பதுதான் முக்கியம். பிஎம்ஐ சரியா தப்பா என்று எல்லோரும் சண்டை போடுகிறார்கள், உண்மையான குழப்பமோ பாதிக்குமேல் இந்த இரண்டு இடங்களில்தான் உட்கார்ந்திருக்கிறது.

முதல் வேலையாக, பெரியவர்களுக்குச் சொல்லும் 25 (அதிக எடை), 30 (பருமன்) என்கிற கோடுகளை மறந்துவிடுங்கள். பிஎம்ஐ என்பது கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் எண். பெல்ஜியத்துக்காரர் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கு இது. இன்றைய பெயரை 1972-ல் ஆன்செல் கீஸ் வைத்தார். பெரியவர்களின் உயரம் மாறாது, அதனால் எல்லா வயதுக்கும் ஒரே கோடு போதும். குழந்தைகளிடம் இந்த எண் வளர்ச்சியோடு சேர்ந்து தானாகவே ஏறி இறங்கும்: பிறக்கும்போது 13 பக்கம், ஒரு வயதில் 17, அப்புறம் குழந்தை நடந்து ஓடி ஒல்லியாகி ஆறு வயதுவாக்கில் 15.5, அங்கிருந்து மறுபடி ஏறி 20 வயதில் 21 என்று போகும். ஒரு வயதுக் குழந்தைக்கு 17 என்பது நடுவாந்திரம், ஏழு வயதுப் பையனுக்கு அதே 17 அதிக எடையின் வாசல்படி. வயதும் பாலினமும் இல்லாத பிஎம்ஐ எண்ணை யாராவது உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள், அது பாதி எண்தான்.

இன்னொன்று, அந்த ஆறு வயதுப் பள்ளத்திலிருந்து எண் எப்போது திரும்ப ஏறத் தொடங்குகிறது என்பதே ஒரு தகவல். வழக்கமாக ஐந்து முதல் ஏழு வயதுக்குள் ஏறும். மூன்று நான்கு வயதிலேயே ஏறத் தொடங்கிய குழந்தைகளுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது 1980-களிலிருந்தே தெரிந்த விஷயம். ஒரே ஒரு தடவை அளந்து வைத்தால் இது தெரியவே தெரியாது.

உயரத்தில்தான் பிழை

எடையை அளப்பதில் அவ்வளவு பிரச்சினை இல்லை. டிஜிட்டல் தராசு, கெட்டியான சமதளத் தரை (கார்ப்பெட் கூடாது), செருப்பு இல்லாமல், மெல்லிய உடை, பாக்கெட்டில் ஒன்றும் இல்லாமல், முடிந்தால் காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு. தராசில் நிற்காத கைக்குழந்தை என்றால் நீங்கள் தனியாக நின்று ஒரு எடை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு எடை, இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை மட்டும் எல்லோரும் ஏனோதானோ என்று அளக்கிறார்கள். கணக்கில் உயரம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது என்பதால் அதில் வரும் பிழையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஏழு வயதுப் பையன், எடை 25 கிலோ, உண்மையான உயரம் 120 செ.மீ. என்று வையுங்கள்: பிஎம்ஐ 17.4, அதாவது அதிக எடை. ஷூவைக் கழற்றாமல் அளந்து 122 என்று எழுதிவிட்டால் 16.8, சாதாரணம் என்று வந்துவிடும். 2 செ.மீ.தான்.

சரி, எப்படி அளப்பது? அடியில் பீடிங் (துருத்தி நிற்கும் பட்டை) இல்லாத நேரான சுவரைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் கீழே பீடிங் இருந்தால் குதிகால் சுவரைத் தொடாது. செருப்பு, சாக்ஸ், உச்சியில் கட்டிய கொண்டை, கிளிப் எல்லாம் போகட்டும். குதிகால், பின்புறம், தோள்பட்டை, தலையின் பின்பக்கம் இவை சுவரைத் தொட வேண்டும். உடம்பு பருத்த குழந்தைக்கு நான்கும் ஒரே நேரத்தில் தொடாது, அப்போது வற்புறுத்தாமல் பின்புறமும் குதிகாலும் தொட்டு உடம்பு நேராக இருந்தால் போதும். பார்வை நேராக, கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துளையும் தரைக்கு இணையான ஒரே கோட்டில். தலைமேல் வைக்கும் பலகை சுவரோடு செங்கோணத்தில் அமர வேண்டும். ஸ்கேலைக் கையால் பிடித்துச் சாய்த்து வைப்பது, புத்தகத்தைச் சாய்வாக வைப்பது எல்லாம் பிழைக்கு வழி. கோடு போட்டபின் குழந்தையை நகரச் சொல்லி, மறுபடி நிற்கவைத்து இரண்டாவது தடவை அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 7 மி.மீ.க்கு மேல் என்றால் இரண்டையும் தள்ளிவிட்டு மறுபடி எடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி ஆய்வில் வைத்த வரம்பும் இதுதான். நாள் முழுக்க நின்று ஓடியதில் மாலைக்குள் உயரம் 1 செ.மீ. வரைக்கும் குறையலாம் என்பதால் போன தடவை காலையில் அளந்திருந்தால் இந்தத் தடவையும் காலையிலேயே.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்கவைத்து அளக்க வேண்டும். படுத்த நீளம் நின்ற உயரத்தைவிட 0.7 செ.மீ. கூடுதலாக வரும், அட்டவணைகளும் அப்படித்தான் தயாரிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு வயது தாண்டிய குழந்தை நிற்க மறுத்து, படுக்கவைத்து அளந்தால் 0.7-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், சின்னக் குழந்தையை நிற்கவைத்து அளந்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

பார்த்தாலே தெரியாதா, எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. எடை கூடுதலான குழந்தைகளின் பெற்றோரில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் குழந்தை சரியான எடையில் இருப்பதாகவே நினைக்கிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல நடக்கும் மாற்றம் பிடிபடாது, சுற்றியிருக்கிற குழந்தைகளும் அதே அளவில் இருந்தால் அதுதான் சாதாரணம் என்று தோன்றிவிடும்.

எந்த அட்டவணை

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். பிஎம்ஐ கணக்கு எல்லோருக்கும் ஒன்று, அதற்குப் பக்கத்தில் போடும் கோடுதான் வேறு வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை இரண்டு துண்டாக இருக்கிறது. ஐந்து வயது வரைக்குமானது 2006-ல் வந்தது. பெலோடாஸ், அக்ரா, டெல்லி, ஆஸ்லோ, மஸ்கட், டேவிஸ் என்று ஆறு ஊர்களில், தாய்ப்பால் குடித்து, புகைபிடிக்காத தாய்மார்களின் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து, குழந்தை எப்படி வளர வேண்டும் என்று காட்டுவதற்காகச் செய்தது. 5 முதல் 19 வயதுக்கானது 2007-ல் வந்தது; அது பழைய அமெரிக்க அளவுகளை எடுத்து, முதல் துண்டோடு ஒட்டுப்போடும் இடத்தில் நெளிவு தெரியாமல் இழைத்துச் செய்தது. கோடுகளை 'திட்ட விலக்கம்' என்கிற அளவில் சொல்வார்கள், நடுக்கோட்டிலிருந்து எத்தனை படி மேலே என்று. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து வயது வரைக்கும் +2 படியைத் தாண்டினால்தான் அதிக எடை, +3 தாண்டினால் பருமன். ஐந்து வயது முடிந்ததும் +1 தாண்டினாலே அதிக எடை, +2 தாண்டினால் பருமன். +1.5 படியில் இருக்கும் குழந்தைக்குப் பிறந்தநாளுக்கு முந்தின வாரம் 'அதிக எடை வரும் அபாயம்' என்றும், அடுத்த வாரம் 'அதிக எடை' என்றும் பெயர் வரும். குழந்தையிடம் எதுவும் மாறவில்லை, பதறாதீர்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 2000-ஆம் ஆண்டு அட்டவணை சதமானத்தில் பேசுகிறது. அதே வயது, அதே பாலினக் குழந்தைகள் 100 பேரை பிஎம்ஐ வரிசையில் நிறுத்தினால் உங்கள் குழந்தை எத்தனையாவது என்பதுதான் சதமானம். 85-லிருந்து 95-க்குள் அதிக எடை, 95-லும் மேலேயும் பருமன். பலர் இதை மார்க் மாதிரி நினைத்து 97 வந்ததும் சந்தோஷப்படுகிறார்கள்! இன்னொரு பக்கம், 95-க்கு மேல் என்றால் குழந்தைகளில் 5 சதவீதம் பேருக்குத்தானே பருமன் என்றும் கேட்கிறார்கள். அந்த 100 பேர் வரிசை இன்றைய குழந்தைகளின் வரிசை அல்ல, பல பத்தாண்டுகளுக்கு முன் அளந்த குழந்தைகளுடையது. இன்று அந்தக் கோட்டைத் தாண்டுபவர்கள் ஐந்து சதவீதத்தைவிட மிக அதிகம்.

ஐஓடிஎஃப் அட்டவணை 2000-ல் வந்தது, 2012-ல் விரிவாக்கப்பட்டது. பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஆறு இடங்களின் அளவுகளை வைத்து, 18 வயதில் 25-லும் 30-லும் போய் முடியும் கோடுகளைப் பின்னோக்கி இழுத்தார்கள். நாடுகளை ஒப்பிடும் ஆய்வுகளுக்காகப் பிறந்தது இது. ஒரு தனிக் குழந்தைக்கு இதைப் பயன்படுத்தினால் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் தாராளமாக விட்டுவிடும், மேலே பார்த்த பத்து வயதுப் பையன் கதைதான். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இந்தியக் குழந்தை மருத்துவ சங்கத்தின் 2015 அட்டவணை. தெற்காசியர்களுக்கு அதே பிஎம்ஐயில் கொழுப்பு கூடுதலாக இருப்பதால் 23-லும் 27-லும் போய் முடியும் கோடுகளை எடுத்துக்கொண்டார்கள்.

எதை எடுப்பது? உங்கள் நாட்டில் மருத்துவர்கள் பயன்படுத்தும் அட்டவணை எதுவோ அதை எடுங்கள், அப்படி ஒன்று இல்லையென்றால் உலக சுகாதார நிறுவனத்துடையது. எடுத்தபின் மாற்றாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன் சிடிசி, இப்போது ஒரு மொபைல் ஆப் காட்டும் ஏதோ ஒன்று என்று தாவினால் குழந்தை இளைத்ததா அட்டவணை மாறியதா என்றே தெரியாது. ஆப் பயன்படுத்துவதாக இருந்தால் அது எந்த அட்டவணையை வைத்திருக்கிறது என்று முதலில் தேடிப் பாருங்கள், சொல்லாத ஆப்பை நீக்கிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனமே ஐந்து வயது வரைக்கும் ஆந்த்ரோ, அதற்கு மேல் ஆந்த்ரோ பிளஸ் என்று இலவச மென்பொருள் தருகிறது. வயதை வருடத்தில் போடாமல் பிறந்த தேதியையே கொடுங்கள். ஒன்பது வயது என்பது ஒன்பது வருடம் ஒரு நாளாகவும் இருக்கலாம், பத்துக்கு ஒரு நாள் குறைவாகவும் இருக்கலாம்.

பிஎம்ஐ எங்கே கோட்டை விடுகிறது

பிஎம்ஐ கொழுப்பை அளப்பதில்லை. தசை, எலும்பு, தண்ணீர், கொழுப்பு எல்லாம் சேர்ந்த எடை அது. பருவமடையும் வயதில் பையன்களுக்குத் தசை கூடுவதால் பிஎம்ஐ ஏறும், அதே சமயம் கொழுப்பின் பங்கு குறையும். சீக்கிரம் பருவமடைந்த பெண்ணும் இன்னும் அடையாத பெண்ணும் ஒரே வயதாக இருந்தாலும் உடலளவில் ஒரே வயதில்லை, அட்டவணைக்கு அது தெரியாது.

எல்லோரும் பயப்படுவது தசை அதிகமுள்ள விளையாட்டுப் பிள்ளையைப் பருமன் என்று சொல்லிவிடுமோ என்றுதான். உண்மையில் பிஎம்ஐயின் பலவீனம் மறுபக்கத்தில் இருக்கிறது. 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கொழுப்பு அதிகமில்லாத குழந்தைகளில் 93 சதவீதம் பேரை பிஎம்ஐ சரியாகவே விட்டுவிட்டது, ஆனால் கொழுப்பு அதிகமுள்ளவர்களில் 73 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. நாலில் ஒருவர் தப்பிவிடுகிறார். பிஎம்ஐ பருமன் என்றால் பெரும்பாலும் நம்பலாம். சாதாரணம் என்றால் அப்படியே நம்பிவிட வேண்டாம், கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வரும் குழந்தையிடம் குறிப்பாக.

அந்தத் தப்பியவர்களைப் பிடிக்க மலிவான வழி ஒரு டேப்தான். வயிற்றுச் சுற்றளவை உயரத்தால் வகுங்கள், இரண்டும் செ.மீ.யில். ஐந்து வயதுக்கு மேல் 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும், 0.5 முதல் 0.59 வரை என்றால் கவனம், 0.6-ம் மேலேயும் என்றால் அதிக அபாயம். மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-லிருந்து இதைப் பரிந்துரைக்கிறது. அட்டவணையே வேண்டாம், ஆண் பெண் வித்தியாசம் வேண்டாம், வயிறு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது அவ்வளவுதான். ஐந்துக்குக் கீழே இது செல்லாது, சின்னக் குழந்தைகளுக்கு வயிறு இயல்பாகவே உருண்டுதான் இருக்கும்.

டேப்பை எங்கே சுற்றுவது என்பதில்தான் ஆளுக்கு ஒன்று. பேண்ட் கட்டும் இடம் கிடையாது, தொப்புளை வைத்தும் எடுக்காதீர்கள், பருத்த வயிற்றில் தொப்புள் கீழே இறங்கிவிடும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில், தோலைத் தொட்டு ஆனால் அழுத்தாமல். குழந்தை வயிற்றை எக்கிக்கொள்ளும், எல்லாக் குழந்தைகளும் செய்வார்கள். ஏதாவது பேச்சுக் கொடுத்து, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நொடியில் அளவைப் படியுங்கள். இடுப்பெலும்பின் மேலேயே அளக்கும் வழக்கமும் உண்டு, அது கூடுதலாகக் காட்டலாம். எதுவானாலும் ஒரே இடம், ஒரே ஆள் அளப்பது நல்லது.

மற்ற கருவிகள்

தோல் மடிப்பைக் கிள்ளி கேலிப்பரால் அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. மேல்கையின் பின்பக்க நடுவிலும் தோள்பட்டை எலும்புக்குக் கீழேயும் எடுப்பார்கள், இரண்டையும் கூட்டி ஸ்லாட்டரின் 1988 சூத்திரத்தில் போட்டால் கொழுப்புச் சதவீதம் வரும். பழகிய கைக்கு நல்ல முறை, பழகாத கைக்கு வெறும் எண். கிள்ளும் இடம் ஒரு விரல் அகலம் தள்ளினால் மாறிவிடும், ரொம்பப் பருத்த குழந்தையிடம் மடிப்பு கருவியின் வாய்க்குள் அடங்காது, குழந்தைக்கும் கூச்சம். வீட்டில் வேண்டாம்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை தராசுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது கொழுப்பைப் பார்ப்பதில்லை. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்லிய மின்சாரம் அனுப்பி, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து தண்ணீரை ஊகித்து, தண்ணீரிலிருந்து தசையை ஊகித்து, மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது. தண்ணீர் குடித்தால் ஒரு எண், விளையாடி வியர்த்து வந்தால் ஒரு எண். போதாக்குறைக்குக் குழந்தைகளின் தசையில் தண்ணீர் பெரியவர்களைவிடக் கூடுதல், பெரியவர்களின் சூத்திரத்தை அவர்களுக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும், எந்தச் சூத்திரம் உள்ளே இருக்கிறது என்று நிறுவனங்கள் சொல்வதும் அபூர்வம். என்னைக் கேட்டால் அந்தத் தராசில் எடையை மட்டும் பாருங்கள், மற்ற வரிகளைக் கண்டுகொள்ளாதீர்கள்.

எக்ஸ்ரே கொண்டு கொழுப்பைப் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன், மூடிய சின்ன அறைக்குள் உட்காரவைத்து உடல் விலக்கும் காற்றைக் கொண்டு அதன் கன அளவைக் காணும் 'பாட் பாட்' (Bod Pod) என்கிற கருவி, எம்ஆர்ஐ இவையெல்லாம் துல்லியமானவை. டெக்ஸாவில் கதிர்வீச்சு மிகமிகக் குறைவுதான், ஆனாலும் இவை ஆய்வுக்கூடத்துக்கும் சிறப்பு மருத்துவமனைக்கும் உரியவை. மற்ற எளிய முறைகள் எவ்வளவு சரி என்று சோதிக்க உதவும் உரைகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்கு எடை கூடுதலா என்று தெரிந்துகொள்ள இவை தேவைப்படுவது அபூர்வம்.

பள்ளியில் நூற்றுக்கணக்கில் அளப்பவர்கள் உயரம், எடை, பிறந்த தேதி மூன்றையும் ஒழுங்காக எடுத்தாலே போதும், முடிந்தால் டேப் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், திரைக்குப் பின்னால் அளங்கள், குழந்தையின் பெயருக்கு நேரே 'பருமன்' என்று எழுதிப் பலகையில் ஒட்டாதீர்கள். உடன் படிப்பவர்கள் முன்னால் ஒரு தடவை கேலிக்கு ஆளான குழந்தை அடுத்த தடவை தராசில் ஏறாது.

அளந்தபின் தொடர்வது

வாரா வாரம் அளக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாராளம். வளரும் குழந்தைக்கு எடை குறைய வேண்டியதே இல்லை, நின்றாலே பல நேரம் போதும்: எட்டு வயதில் 130 செ.மீ., 34 கிலோ இருக்கும் பையனின் பிஎம்ஐ 20.1, உலக சுகாதார நிறுவனத்தின் பருமன் கோடான 19.7-க்கு மேல். ஒரு வருடத்தில் எடை அப்படியே நின்று உயரம் 135.5 ஆனால் எண் 18.5-க்கு இறங்கிவிடும், ஒன்பது வயதுக்கான கோடோ 20.5-க்கு ஏறியிருக்கும். தராசு மட்டும் பார்த்தவர் ஒன்றுமே நடக்கவில்லை என்பார்.

ரொம்பவும் அதிக எடையுள்ள குழந்தைகளுக்குச் சதமானம் உதவாது, 99-க்கு மேல் போனபின் எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் அங்கேயேதான் நிற்கும். அவர்களுக்கு 95-ஆம் சதமானக் கோட்டில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். கோடு 22 என்று இருந்து குழந்தையின் பிஎம்ஐ 27.5 என்றால் 125 சதவீதம். 120 தொட்டால் இரண்டாம் நிலைப் பருமன், 140 தொட்டால் மூன்றாம் நிலை. சிடிசி இதற்காகவே 2022-ல் விரிவாக்கிய அட்டவணை வெளியிட்டது.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையத்தின் 2025 ஜனவரி அறிக்கை, பிஎம்ஐயை மட்டும் வைத்துப் பருமன் என்று முடிவுகட்டாமல் வயிற்றுச் சுற்றளவு போன்ற இன்னொரு அளவால் உறுதிப்படுத்தச் சொல்கிறது, உடம்பில் ஏற்கெனவே கோளாறு தொடங்கிவிட்டதா என்பதையும் தனியாகப் பார்க்கச் சொல்கிறது. மருத்துவரிடம் போகும்போது நீங்கள் எடுத்த எண்களைத் தேதியோடு எடுத்துப் போங்கள். கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தாலோ, தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலோ எண் எந்தக் கோட்டில் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உயரக் கணக்கையும் மறக்காமல் காட்டுங்கள். சாப்பாட்டாலும் ஓட்டமில்லாமையாலும் எடை கூடிய குழந்தை வழக்கமாக வயதுக்குக் கொஞ்சம் உயரமாகவே இருக்கும். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் ஆறு மாதமாக நகரவே இல்லையென்றால், தைராய்டு உள்ளிட்ட ஹார்மோன் பரிசோதனைகளை மருத்துவர் எழுதிக்கொடுப்பதற்கு அந்த ஒரு வரியே காரணமாக இருக்கும்.